வாப்பாவின் மிதிவண்டியும் முப்பத்திரண்டு பங்கும்

 

எங்கள் மாலை நேர மதரஸாவுக்கு ஒரு மாணவர் நாள்தோறும் நடந்தே வந்துகொண்டிருந்தார். வயது பதின்மூன்று. தகப்பனார் தூத்துக்குடி துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து, அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கும் வகுப்புக்கு அவர் வந்து சேரும்போது பாதிப் பாடம் முடிந்திருக்கும். தாமதமாக வருகிறவர்களைச் சற்று நேரம் வாசலில் நிறுத்தி வைப்பது என் வழக்கம். அவரையும் பல நாள் நிறுத்தியிருக்கிறேன். ஒருநாள் அவர் கழற்றி வைத்த செருப்பின் குதிகால் பக்கம் முற்றிலும் தேய்ந்து ஓட்டை விழுந்திருப்பதைக் கண்ட பிறகுதான், ஏன் தாமதம் என்று கேட்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றிற்று.

வீட்டின் பின்புறம், கிணற்றடிச் சாய்ப்பில், மர்ஹூம் வாப்பா அவர்களின் மிதிவண்டி ஆறு ஆண்டுகளாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. ஹெர்குலிஸ் வண்டி. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. வாப்பா அதை 1978இல் புதிதாக வாங்கினார்கள். அதாவது வண்டிக்கு என்னைவிட வயது கூடுதல். முத்தையாபுரம் பக்கத்து உப்பளங்களில் கணக்கராக இருந்த காலம் முழுவதும் அதில்தான் போய்வந்தார்கள். அந்த வண்டியைத் துடைத்துச் சீர் செய்து அம்மாணவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவது என்று அன்றிரவே முடிவு செய்தேன். முடிவு செய்தபோது மனத்தில் ஒரு மகிழ்ச்சியும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமிதமும் இருந்தன.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வண்டியை வெளியே இழுத்துப் போட்டால், வெள்ளியாய் மின்னியிருந்த குரோம் பூச்சு முழுவதும் செம்பழுப்பு நிறம் படிந்திருந்தது. ஹேண்டில் பார், இரு சக்கரங்களின் ரிம்கள், மட்கார்டைத் தாங்கும் கம்பிகள், மணி, எல்லாவற்றிலும் வேர்க்குரு அரும்பியதுபோல் துரு. எனக்கு ஜும்ஆவுக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். கழிவறை கழுவும் திரவம் துருக்கறையைக் கண்ணெதிரே கரைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்ட ஞாபகம். ஹேண்டில் பாரின் இடப்பக்கத்தில் அதை ஊற்றித் தேய்த்தேன். இரண்டே நிமிடம்; பழுப்பு நிறம் முழுவதும் வழிந்து ஓடிவிட்டது. "பார்த்தாயா!" என்று மனைவியை அழைத்துக் காட்டினேன்.

அவரோ, தரையில் வழிந்த பழுப்பு நீர் சிமெண்டில் கறையாகிவிடுமே என்று எண்ணி, ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரை அள்ளி அதன்மேல் தூவிவிட்டார். அடுத்த கணம் மூக்கிலும் தொண்டையிலும் மிளகாய் நெடிபோல் ஒன்று ஏறிற்று. கண் எரிந்தது. இருமிக்கொண்டே இருவரும் தெருவுக்கு ஓடினோம். குழந்தைகள் வீட்டின் முன்புறம் இருந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். கழிவறைத் திரவத்தில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் வெளிவருவது குளோரின் வாயு. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் படைவீரர்களைக் கொல்லத் திறந்துவிடப்பட்டதும் அதே வாயுதான். நாங்கள் இருந்தது திறந்த முற்றம் என்பதால் பிழைத்தோம். கதவடைத்த குளியலறையில் இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. தாய்மார்கள் இந்த ஓர் இடத்தையாவது இருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் பார்த்தபோது அடுத்த அதிர்ச்சி. நான் தேய்த்த இடத்தில் வெள்ளிப் பளபளப்பு போய், மங்கலான மஞ்சள் சாயல் ஒரு சாண் அளவுக்குத் தெரிந்தது. அதன் ஓரங்களில் நேற்று இல்லாத புதிய துரு. பக்கத்தில் சாத்தியிருந்த மண்வெட்டி, கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றிலும் ஆவி பட்டு இளம்பழுப்பு ஏறியிருந்தது.

நடந்தது என்ன என்பதைப் பிறகு படித்தும், முலாம் பூசும் தொழில் தெரிந்த ஒருவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். மிதிவண்டியின் பளபளப்பு ஒற்றைப் பூச்சன்று. அடியில் எஃகு, அதன்மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். அந்த மேற்பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. குரோமியம் துருப்பிடிக்காத உலோகம். நாம் காணும் துரு அதனுடையதன்று. பூச்சிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே ஈரமும் உப்பும் இறங்கி, அடியிலிருக்கும் இரும்பு அரிக்கப்பட்டு, அந்த அரிப்பு மேலே கசிந்து வருகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு குரோமியத்தையும் கரைத்துவிடும். முலாம் பட்டறைகளில் பழைய குரோம் பூச்சை உரித்தெடுப்பதற்கே அந்த அமிலத்தைத்தான் பயன்படுத்துகிறார்களாம். நான் கண்ட மஞ்சள் சாயல், உள்ளே இருந்த நிக்கல். போன குரோமை வீட்டில் இருக்கும் எந்தப் பொருளாலும் திரும்பக் கொண்டுவர இயலாது.

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தூத்துக்குடியில் மழை குறைவு. ஆனால் துருவுக்கு மழை தேவையில்லை. கடற்காற்றில் வரும் உப்புத்தூள் உலோகத்தின்மேல் படிகிறது. அந்த உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கோடையிலும் வண்டியின்மேல் இரவு முழுவதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். வாப்பா நாள்தோறும் இஷா தொழுதுவிட்டு வந்து, ஒரு பழைய கைலித் துண்டால் வண்டியைத் துடைத்து, பின் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட இன்னொரு துண்டால் ஹேண்டில் பாரையும் ரிம்மையும் நீவிவிடுவார்கள். உப்பளத்தில் வேலை பார்த்தவர் நாற்பது ஆண்டுக் காலம் ஒரு வண்டியைப் பளபளப்பாக வைத்திருந்த ரகசியம் அவ்வளவுதான். அவர்கள் வஃபாத்தான பிறகு அந்த இரண்டு துண்டுகளும் எங்கே போயின என்றுகூட நான் பார்க்கவில்லை.

மதரஸாவில் 'அல்முதஃப்ஃபிஃபீன்' அத்தியாயத்தின் 14ஆம் வசனத்தை நடத்தும்போது, உள்ளத்தில் படியும் கறைக்குத் துருவை உவமையாகச் சொல்லி எத்தனையோ ஆண்டுகள் பாடம் எடுத்திருக்கிறேன். துருவைக் கையால் தொட்டுப் பார்த்தது இதுவே முதல் முறை.

சனிக்கிழமை மஃரிபுக்குப் பின் உம்மா வந்து ஹேண்டில் பாரைத் தடவிப் பார்த்தார்கள். கண் பார்வை மங்கிவிட்டதால் இப்போதெல்லாம் விரல்தான் பார்க்கிறது. பழுதான இடத்தில் விரல் நின்றது.

"இத யாருட்ட கேட்டுச் செஞ்ச?" என்றார்கள்.

"யாரிடம் கேட்பது? வாப்பாவின் வண்டிதானே" என்றேன்.

"வாப்பா மௌத்தாகி ஆறு வருசமாச்சு. இப்ப யாரு வண்டி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் மதரஸாவில் ஃபராயிள், அதாவது வாரிசுரிமைப் பாடம் நடத்துகிறவன். வாப்பா வஃபாத்தானபோது, அடக்கச் செலவும் கடனும் கொடுத்து முடித்த பின், வீட்டையும் ரொக்கத்தையும் ஷரீஅத்படி பங்கிட்டுக் கணக்கெழுதியவனும் நான்தான். அந்தப் பட்டியலில் மிதிவண்டி இல்லை. வேண்டுமென்றே விட்டதன்று, மிதிவண்டி ஒரு சொத்தாக என் கண்ணில் படவே இல்லை. ஆண்பிள்ளை வீட்டில் இருக்கிறான், வாப்பாவின் வண்டி அவனுக்கு என்று ஊரே எண்ணுவதுபோல் நானும் எண்ணியிருந்தேன். இப்போது அதைக் கெடுத்தும்விட்டேன்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். வாப்பாவின் பெற்றோர் அவர்களுக்கு முன்பே மறைந்துவிட்டார்கள். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதமுள்ளதில் மகனுக்கு இரண்டு மடங்கு, மகள்களுக்கு ஒவ்வொரு மடங்கு. பின்னமில்லாமல் வரவேண்டுமானால் மொத்தத்தை 32 பங்காக வைக்கவேண்டும்: உம்மாவுக்கு 4, எனக்கு 14, லாத்தாவுக்கு 7, தங்கைக்கு 7. இதை எழுதிவிட்டு வண்டியின் முன்சக்கரத்தை எண்ணிப் பார்த்தேன். இந்த வகை வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ் கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. என் பங்கு பாதிச் சக்கரம்கூட இல்லை. முழு வண்டியையும் தானம் கொடுக்கப் புறப்பட்டவன் நான்!

மேலப்பாளையத்தில் இருக்கும் லாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொல்லி, கெடுத்ததற்குப் பொருத்தம் கேட்டேன். லாத்தா முதலில் சிரித்தார். பிறகு, "ஹலாலாக்கிட்டேன் தம்பி. என் ஏழு பங்கையும் அந்தப் புள்ளைக்கே குடுத்துரு. ஆனா ஒண்ணு, துருப்பிடிச்சத அப்படியே தூக்கிக் குடுக்காத. நம்ம புள்ளைக்கு வாங்குவோமா அத?" என்றார். 'அல்பகரா' அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தரங்கெட்டதைத் தேடி எடுத்துத் தானம் செய்வதைத் தடுக்கிறது என்பது எனக்குத் தெரியும். லாத்தாவின் ஒரு கேள்வியில் அது இன்னும் தெளிவாக இருந்தது. அபுதாபியில் இருக்கும் தங்கை சற்று நேரம் பேசவில்லை. "காக்கா, எனக்கு அந்த மணி மட்டும் வேணும். வாப்பா தெருமுனையில வரும்போதே அடிப்பாங்களே, அது" என்றாள். உம்மா தம் நான்கு பங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து ஓர் உருண்டைப் புளியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார்கள்.

பித்தளைத் தாம்பாளமும் வெற்றிலைப் பெட்டியும் புளியால் துலங்கிய வீடுதான் எங்களுடையது. பித்தளைக்குப் புளியோடு உப்பையும் சேர்ப்பது வழக்கம். குரோம் வேலைக்கு அந்த உப்பு ஆகாது. எந்த உப்பு துருவைக் கொண்டுவந்ததோ அதையே துளைகளுக்குள் தேய்த்து ஏற்றுவதாக முடியும். ஆகவே வெறும் புளிதான். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் மென்மையானது. எலுமிச்சைச் சாறும், சமையலுக்கு வாங்கும் வினிகரும் அவ்வாறே. நபி (ஸல்) அவர்கள் தொட்டுக்கொள்ளும் குழம்பாகப் புகழ்ந்த காடி வண்டிக்கும் உதவுகிறது என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. என்ன மென்மையானாலும் புளிப்பு புளிப்புதான், ஊறவிட்டு மறந்துவிடக்கூடாது. முத்துக்கு எலுமிச்சை ஆகாது என்று உம்மாவின் பாட்டியார் முத்துமாலையைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோக மாட்டார்களாம். முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது, புளிப்பில் கரையும். 1961க்குப் பிறகு இக்கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும் அந்த எச்சரிக்கை மட்டும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தொடங்கினேன், இம்முறை ஃபஜ்ர் தொழுத கையோடு. முதலில் சோப்பு நீரால் கழுவித் தூசியையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கினேன். அதை நீக்காமல் தேய்த்தால் மணல் துகள்களே பூச்சைக் கீறும். சக்கரத்தின் நடு அச்சுக்குள் தண்ணீர் புகாதபடி துணியைச் சுற்றி வைத்தேன். பிறகு புரோட்டா பொட்டலத்தோடு வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, வினிகரில் தோய்த்து, கை வலிக்காத அளவுக்கு மெதுவாகத் தேய்த்தேன். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையான உலோகம். ஆகவே அதைக் கீறாது. தேய்க்கத் தேய்க்கத் தாள் கறுத்து ஒரு சாம்பல் நிறச் சேறு உண்டாகும். அந்தச் சேறே மெருகுப்பொடியாக வேலை செய்கிறது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் கூடவே கூடாது. அது கீறுவதோடு, உதிரும் இரும்புத் தூள் அங்கேயே தங்கிப் புதுத் துருவுக்கு வித்தாகிறது. பச்சை நிறத் தேய்ப்பானும் கோடு போடும்.

வளைவுகளிலும் ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் நுழையும் இடங்களிலும் தாள் எட்டவில்லை. அங்கே கெட்டியாகக் கரைத்த புளியைப் பூசி, பத்து நிமிடம் கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. முன்சக்கரத்தில் 32 இடம், பின்சக்கரத்தில் 40 இடம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு முறை. பிறகு ஆப்ப சோடா கரைத்த நீரால் துடைத்தேன், எஞ்சிய புளிப்பு முறியவேண்டும் என்பதற்காக. நல்ல தண்ணீரால் கழுவினேன். எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு என்பதால் குடிநீரையே பயன்படுத்தினேன். வீண்விரயமோ என்று சிறு உறுத்தல் இருந்தது, ஆனால் உவர்நீரால் கழுவினால் செய்த வேலை முழுவதும் வீண். உடனே உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் நிறுத்தினேன். இந்த உடனே என்ற சொல் முக்கியம். ஈரம் காயாமல் விட்டுவைத்தால் நம் ஊர்க் காற்றில் மறுநாளே பழுப்பு திரும்பிவிடும். கடைசியில் மெஷின் எண்ணெய்.

பெரும்பகுதி அழகாகத் துலங்கியது. துருவாகத் தெரிந்தவற்றில் பல, மேலே கசிந்து பரவிய கறைதான். அடியில் பூச்சு அப்படியே இருந்தது. சில இடங்களில் மட்டும் துரு நீங்கியபின் கடுகு அளவுக் குழிகள் தெரிந்தன. பின் ரிம்மில் இரண்டு ஸ்போக்ஸ் துளைகளைச் சுற்றி இரும்பே அரித்து மெலிந்திருந்தது. என் கைவண்ணமான ஒரு சாண் மஞ்சள் மாறவில்லை.

மிதிவண்டி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அன்போடு ஒரு யோசனை சொன்னார்: "சில்வர் பெயிண்ட் அடிச்சிரலாம் ஆலிம்சா. ரிம்முக்கும் ஹேண்டில் பாருக்கும் சேத்து. புதுசு மாதிரி இருக்கும், ஒண்ணும் தெரியாது."

ஒன்றும் தெரியாது என்பதுதான் என்னை நிறுத்தியது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அது விற்பனை, இது அன்பளிப்புத்தானே என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் இந்த வண்டியில் பிரேக் கட்டை ரிம்மின் உட்புறத்தில் பிடிப்பது. பெயிண்ட் அங்கே நில்லாது உரிந்து வரும். மெலிந்த ரிம் பெயிண்டுக்கு அடியில் மறைந்திருந்து, ஒருநாள் லாரிகள் விரையும் துறைமுகச் சாலையில் உடைந்தால் விழப்போவது பிறர் வீட்டுப் பிள்ளை. பின் ரிம்மை என் செலவில் மாற்றச் சொன்னேன். மற்றவற்றை இருக்கிறபடியே விடச் சொன்னேன். மணியைக் கழற்றிக்கொண்டு புதியது ஒன்று பொருத்தினோம்.

மாணவரின் தகப்பனாரை வீட்டுக்கு அழைத்து வண்டியைக் காட்டினேன். குழிகள் எங்கே உள்ளன, ஹேண்டில் பாரின் இடப்பக்கம் என்னால் கெட்டது, எந்த இடத்துக்கு அடிக்கடி எண்ணெய் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் குனிந்து ஒவ்வொரு குழியின்மேலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். துறைமுகத்தில் இரும்போடு பழகியவர். "கடல்காத்துக்கு இது எவ்வளவோ தேவல ஆலிம்சா" என்றவர், சற்றுத் தயங்கி, "பையன வாசல்ல நிறுத்துனது ஒருநாளும் எங்ககிட்ட சொன்னதில்ல. உங்க பொண்டாட்டி எங்க வீட்ல சொல்லித்தான் தெரியும்" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாணவரிடமும் பொருத்தம் கேட்டேன். "பரவாயில்ல உஸ்தாத்" என்று சொல்லிவிட்டு அவர் புதிய மணியை அடித்துப் பார்ப்பதிலேயே குறியாக இருந்தார். எண்ணெய்த் துணி ஒன்றையும் உலர்துணி ஒன்றையும் அவரிடம் கொடுத்தேன்.

பழைய மணியைத் தேங்காய் எண்ணெயும் அலுமினியத் தாளும் கொண்டு நானே துலக்கினேன். அதன் விளிம்பில் ஒரு கீறல் உண்டு. என் சிறுவயதில் ஸ்பேனரால் அடித்து விளையாடியபோது விழுந்தது. அபுதாபிக்குப் பயணம் போகும் உறவினர் ஒருவரிடம் தங்கைக்காகக் கொடுத்தனுப்ப, துணியில் சுற்றி உம்மாவிடம் காட்டினேன். உம்மா ஒருமுறை அடித்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"வேற எதுவும் வாப்பா சாமான் ஒங்கிட்ட இருக்கா?" என்றார்கள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இஷாவுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்க்கத் திரும்பிய கண், மணிக்கட்டில் நின்றது. வாப்பாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரம், ஆறு ஆண்டுகளாக நான் கட்டிக்கொண்டிருப்பது. தொழுதுவிட்டு வந்து லாத்தாவை மறுபடியும் தொலைபேசியில் அழைத்தேன்.